ஏஐ கொடுக்கும் படத்தைக் கேமுக்கான டைலாக மாற்றுவது எப்படி

ஏஐ-யிடம் "32 பிக்சல் அளவில் ஒரு டைல்செட் போட்டுக் கொடு" என்று கேட்டுப் பாருங்கள். டைல் என்பது கேமின் தரையை நிரப்ப அடுக்குகிற சிறு சதுரப் படம், டைல்செட் அவற்றின் தொகுப்பு. புல், பாதை, கிணறு, கல் சுவர் எல்லாம் கட்டம் கட்டமாக, பார்க்கவே ஆசையாக ஒரு படம் வரும். அதை கேம் எஞ்சினில் (கேமை உருவாக்கும் மென்பொருளில்) போட்டு 32, 32 ஆக வெட்டும்போதுதான் சிக்கல் தெரியும். ஒரு கட்டம் 61 பிக்சல் இருக்கும், பக்கத்துக் கட்டம் 67 இருக்கும், கிணற்றில் பாதி இந்தக் கட்டத்திலும் மீதி அடுத்த கட்டத்திலும் கிடக்கும். டைல்செட் மாதிரி வரைந்த ஒரு ஓவியத்தைத்தான் அது கொடுத்திருக்கிறது. ப்ராம்ப்டை, அதாவது ஏஐ-க்குக் கொடுக்கும் வாசகத்தை, எத்தனை விதமாக மாற்றி எழுதினாலும் இது முழுதாகச் சரியாவதில்லை, நான் இரண்டு வாரம் முயன்று பார்த்துவிட்டேன். அதனால் இப்போது ஏஐ-யிடம் புல், மண், கல், தண்ணீர் என்று பரப்பை மட்டும் வாங்கிக்கொள்கிறேன். ஓரம், மூலை, கட்டம் மூன்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன்.

மேலிருந்து பார்க்கிற ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்வோம். புல்தரை, நடுவே செம்மண் பாதை. இந்த இரண்டும் ஒழுங்காக வந்துவிட்டால் மற்றதெல்லாம் இதே வழிதான்.

ஏஐ-யைத் திறப்பதற்கு முன்பே அளவையும் நிறங்களையும் முடிவு செய்துவிடுங்கள். கேமின் திரையை 640க்கு 360 என்று வைத்தால் 1920க்கு 1080 திரையில் சரியாக 3 மடங்காக விரியும், 32 பிக்சல் டைல் என்றால் குறுக்கே 20 டைல் பிடிக்கும், கணக்கு சுத்தமாக இருக்கும். நிறத்துக்கு லாஸ்பெக் என்ற இணையதளத்தில் ஆயத்த பேலட்டுகள் (நிறத் தொகுப்புகள்) நிறைய இருக்கின்றன. 32 நிறங்களுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், பிறகு கேம் முடியும்வரை அதை மாற்றாதீர்கள். வேறு வேறு நாளில், வேறு வேறு ஏஐ மாடலில் எடுத்த படங்களை ஒரே ஊர்க்காரர்கள் போலக் காட்டுவது அந்த ஒரே பேலட்தான்.

சரி, புல். ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற படம் வரையும் ஏஐ-யை வெப் யூஐ என்ற பிரவுசர் முகப்பில் பயன்படுத்துகிறவர்கள் 'டைலிங்' என்ற டிக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். அதைப் போட்டதும் மாடல் படத்தின் இடது ஓரத்தைக் கணக்கிடும்போது வலது ஓரத்தையும், மேல் ஓரத்துக்குக் கீழ் ஓரத்தையும் பக்கத்து வீடாக நினைத்துப் பார்க்கும், அதனால் நான்கு பக்கமும் ஒட்டு தெரியாமல் சேரும். மிட்ஜர்னி என்ற ஏஐ-யிலும் ப்ராம்ப்டின் கடைசியில் சேர்க்கிற 'டைல்' என்ற கட்டளை உண்டு. உங்கள் கருவியில் இப்படி எதுவும் இல்லையென்றால் படத்தை கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளில் திறந்து, ஆஃப்செட் கொண்டு பாதி அகலமும் பாதி உயரமும் நகர்த்துங்கள், ஒரு பக்கம் வெளியே போவது மறுபக்கம் உள்ளே வரும். ஓரங்கள் எல்லாம் நடுவுக்கு வந்து ஒரு கூட்டல் குறி போல ஒட்டு தெரியும். அந்தக் கூட்டல் குறியை மட்டும் மாஸ்க் செய்து (பூசிக் குறித்து) இன்பெயின்ட் பண்ணினால், அதாவது அந்த இடத்தை மட்டும் ஏஐ-யை மறுபடி வரைய வைத்தால் போதும்.

ப்ராம்ப்டில் செங்குத்தாக மேலிருந்து பார்க்கும் கோணம், நிழலே இல்லாத சீரான வெளிச்சம், சில பெரிய புல் கொத்துகள் என்று கேளுங்கள். இந்தப் 'பெரிய' முக்கியம். 512 பிக்சல் படம் 32க்குச் சுருங்கும்போது 16க்கு 16 இடம் ஒரே ஒரு பிக்சலாகிவிடுகிறது, மெல்லிய புல் இதழ் எதுவும் அதில் மிஞ்சாது.

சுருக்கும் முன் அந்தப் படத்தை நான்குக்கு நான்காக அடுக்கிப் பாருங்கள். என் முதல் புல்லில் ஓரமாக ஒரு பழுத்த இலை கிடந்தது. தனியாகப் பார்த்தபோது அதுதான் படத்துக்கே அழகு. மேப் முழுக்கப் பரப்பியதும் அந்த மஞ்சள் இலை மட்டும் வரிசை வரிசையாக, நாற்று நட்ட மாதிரி நின்றது. கண்ணைப் பிடிக்கிற பூ, கல், இலை எதுவும் அடிப்படை டைலில் இருக்கக் கூடாது. அவற்றைத் தனி டைலாக வைத்து எப்போதாவது ஒன்று தூவுங்கள்.

தூவுவதற்கான அந்த வேறு டைல்களைச் செய்ய ஓர் எளிய வழி இருக்கிறது. 512 படத்தில் சுற்றிலும் 64 பிக்சல் ஓரத்தைத் தொடாமல் விட்டுவிட்டு நடுப்பகுதியை மட்டும் நான்கைந்து முறை இன்பெயின்ட் செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் ஓரம் ஒன்றே என்பதால் எது பக்கத்தில் எதை வைத்தாலும் சேரும்.

அப்புறம் சுருக்குவது. 'நியரஸ்ட்' முறையில் சுருக்கினால் 256 பிக்சலில் ஒன்றை மட்டும் பொறுக்கி எடுக்கும், புல் பொரிப்பொரியாகத் தெரியும். லீனியரில் சுருக்கினால் சராசரி எடுத்து அமைதியாக வரும். அதன் பிறகு இன்டெக்ஸ்டு முறைக்கு (பேலட்டில் உள்ள நிறங்களை மட்டும் பயன்படுத்தும் முறைக்கு) மாற்றி உங்கள் பேலட்டைக் கொடுங்கள், டிதரிங்கை (இல்லாத நிறத்தைப் புள்ளிகள் கலந்து காட்டுவதை) கட்டாயம் அணைத்துவிடுங்கள். டிதரிங் ஒரு பிக்சலின் நிறப் பிழையை அடுத்த பிக்சலுக்குத் தள்ளிக்கொண்டே போகும், நடுவில் உள்ள வித்தியாசம் ஓரம்வரை வந்து, பாடுபட்டுக் காப்பாற்றிய ஒட்டு போய்விடும். கடைசியாக ஏஸ்பிரைட் என்ற பிக்சல் ஓவிய மென்பொருளில் டைல்டு மோடை (டைலைச் சுற்றிலும் அடுக்கிக் காட்டும் வசதியை) ஆன் செய்து கையால் பத்து இருபது பிக்சல் திருத்துங்கள். பிக்சல் ஆர்ட் என்று நம்ப வைப்பது அந்தக் கை வேலைதான், அதைத் தவிர்க்காதீர்கள்.

செம்மண்ணையும் இதே போலச் செய்து முடித்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். புல்லும் மண்ணும் சந்திக்கும் இடம்தான் கடினம், அதை ஏஐ-யிடம் விடவே விடாதீர்கள். ஒரு டைலுக்கு நான்கு மூலை, ஒவ்வொரு மூலையும் புல்லாகவோ மண்ணாகவோ இருக்கலாம், ஆக 16 வகை. அதில் முழுப் புல், முழு மண் இரண்டும் உங்களிடம் இருக்கின்றன. மீதி 14க்கும் நீங்கள் வரைய வேண்டியது நான்கே நான்கு கறுப்பு வெள்ளை மாஸ்க்: ஒரு மூலை மண், பக்கத்துப் பக்கத்து இரண்டு மூலை மண், எதிரெதிர் மூலைகள் மண், மூன்று மூலை மண். மற்றவை இவற்றைத் திருப்பினாலே கிடைத்துவிடும். எல்லைக்கோடு டைலின் ஓரத்தைத் தொடும் இடம் எப்போதும் சரியாக நடுவில், 16ஆம் பிக்சலுக்கும் 17ஆம் பிக்சலுக்கும் இடையில் இருக்கட்டும். இடையில் எவ்வளவு வேண்டுமானாலும் நெளியலாம்.

திருப்புவதை மாஸ்க்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புல்லையும் மண்ணையும் மாஸ்க்கில் நிரப்பிய பிறகு டைலைத் திருப்பினால் வெளிச்சமும் சேர்ந்து திரும்பும். நிரப்பிய பின் எல்லையில் மூன்று நான்கு புல் இதழ்களை மண்மேல் சாய்த்து வரைந்து, அதன் கீழே ஒரு வரி அடர் நிறம் கொடுத்தால் புல் கொஞ்சம் மேடாகத் தெரியும். இந்த மாஸ்க்குகளை வைத்துக்கொள்ளுங்கள், குளத்துக்கும் மணலுக்கும் இவையே உதவும்.

மரம், கிணறு, வீடு எல்லாம் ஒவ்வொன்றாகத் தனித்தனியே, ஒரே நிறப் பின்னணியில் கேளுங்கள். வெளிச்சம் மேல் இடதிலிருந்து என்று எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி சொல்லிவிடுங்கள். நிழலை மட்டும் நீங்களே போடுங்கள்.

கோடோ என்ற கேம் எஞ்சினில் ஏற்றும்போது டெக்ஸ்சர் ஃபில்டரை நியரஸ்ட் ஆக்குங்கள், இங்கே படம் பெரிதாவதால் அதுதான் பிக்சலை மங்காமல் காட்டும். கேமரா நகரும்போது டைல்களுக்கு நடுவே மெல்லிய கோடு மின்னினால், பக்கத்து டைலின் நிறம் கசிகிறது என்று பொருள். ஒவ்வொரு டைலின் ஓரப் பிக்சலையும் வெளியே ஒரு பிக்சல் நீட்டி வைத்தால் அது நின்றுவிடும்.

ஸ்டீம் என்ற கேம் விற்பனைத் தளத்தில் வெளியிடுகிற எண்ணம் இருந்தால், ஏஐ பயன்படுத்தியதைத் தெரிவிக்கச் சொல்லும் விதி 2024 ஜனவரியிலிருந்து இருக்கிறது. எந்த டைல் எந்த மாடலில், எந்த சீடில் (படம் உருவாகத் தொடங்கும் எண்ணில்) எடுத்தது என்று தொடக்கத்திலிருந்தே குறித்து வையுங்கள். இப்போது உயிரோடு வரைந்து பிழைக்கிற ஓர் ஓவியரின் பெயரை ப்ராம்ப்டில் போட்டு அவர் பாணியைக் கேட்பதை நான் செய்வதில்லை, நீங்களும் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று, கோடைக்காலக் காட்சி வேண்டுமென்றால் புதிதாக எதையும் உருவாக்க வேண்டாம். 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸில் மேகமும் புதரும் ஒரே உருவம், நிறம் மட்டும்தான் வேறு. உங்கள் டைல்கள் இன்டெக்ஸ்டு முறையில்தான் இருக்கின்றன. பேலட்டில் புல்லுக்கான நாலு பச்சையையும் வைக்கோல் நிறத்துக்கு மாற்றிவிட்டுப் பாருங்கள், அதே கிராமம் சித்திரை வெயிலில் காய்ந்து கிடக்கும்.