பல நிலை மாணவர்களுக்கு ஒரே வகுப்பில் ஆங்கிலம்: புதிய ஆசிரியர்களுக்கான செய்முறை

ஆறாம் வகுப்பில் ஆங்கிலம் எடுக்கத் தொடங்கும் ஆசிரியர், எழுத்துகளை அடையாளம் காணவே தடுமாறும் மாணவரையும் பத்தி முழுவதையும் தங்குதடையின்றி வாசிக்கும் மாணவரையும் ஒரே அறையில் காண்பார். இருவருக்கும் நடுவில் ஒரு நிலையைக் கற்பனை செய்துகொண்டு பாடம் நடத்தினால் இருவருமே பயனடையமாட்டார்கள். பாடப்பகுதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். பயிற்சி மட்டும் நிலைக்கேற்ப மாறட்டும்.

முதலில் நிலையை அறியுங்கள். ஒவ்வொருவரையும் தனியே அழைத்து, பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எளிய சொல், எளிய வாக்கியம் என்ற வரிசையில் வாசிக்கச் சொல்லுங்கள். குழந்தைகளின் கற்றல் நிலையை வீடுவீடாகச் சென்று அறியும் அசர் (ASER) ஆய்விலும் ஆங்கில வாசிப்பு இவ்வாறே சோதிக்கப்பட்டுள்ளது. மதிப்பெண் வேண்டாம், எங்கே தடுமாறினார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, குழு பிரித்தல். தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டத்தில் தொடக்க வகுப்புக் குழந்தைகளைக் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துக் கற்பிக்கிறார்கள். அதே முறை இங்கும் உதவும். ஆனால் வாசிப்பில் பின்தங்கியவர் பேச்சில் முந்தியிருக்கலாம் என்பதால், வாசிப்புக் குழுவையே பேச்சுப் பயிற்சிக்கும் வைத்துக்கொள்ளாதீர்கள். ‘மெல்லக் கற்பவர்’ என்ற சொல் மாணவர் காதில் விழவே கூடாது.

இனி பாடம். சந்தையைப் பற்றிய ஐந்தாறு வாக்கியங்கள் கொண்ட பகுதி என்று கொள்வோம். படங்களைக் காட்டிக் கதையை முதலில் வாய்மொழியாகச் சொல்லி, தேவையான இடத்தில் தமிழிலும் விளக்கி, பின்னர் இருமுறை உரக்க வாசியுங்கள். அதன்பின் முதற்குழு சொல்லட்டைகளைப் படங்களோடு பொருத்தட்டும். இரண்டாம் குழு கரும்பலகையில் உள்ள சொற்களைக்கொண்டு கோடிட்ட இடங்களை நிரப்பட்டும். மூன்றாம் குழு கதையை இறந்தகாலத்துக்கு மாற்றி, அடுத்து நடந்ததையும் சேர்த்து எழுதட்டும். விரைவில் முடித்தவருக்கு அதே பயிற்சியை மேலும் மேலும் கொடுத்தால், நன்றாகப் படித்ததற்குக் கிடைத்த தண்டனையாகவே அவருக்குத் தோன்றும்.

இந்த நேரத்தில் ஆசிரியர் முதற்குழுவோடு அமர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பெரும்பாலும் அவர்களுக்கு எழுத்துகளின் பெயர் தெரிந்திருக்கும்; ஒலி தெரிந்திருக்காது. ‘பி, ஈ, என்’ என்று எத்தனை முறை ஒப்பித்தாலும் ‘பென்’ என்ற சொல் பிறக்காது. ‘ப், எ, ன்’ என ஒலிகளை முதலில் பிரித்தும், பின்னர் சேர்த்தும் சொல்லப் பழக்குங்கள்.

கடைசிப் பத்து நிமிடம் மூன்று குழுக்களும் தத்தம் வேலையை வகுப்பின்முன் வாசிக்கட்டும். மாதம் ஒருமுறை மீண்டும் சோதித்து, முன்னேறியவரை உடனே அடுத்த குழுவுக்கு மாற்றுங்கள்.