ஃபைகஸ் வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர், காம்பவுண்டுச் சுவரை ஒட்டிப் பத்து ஃபைகஸ் கன்றுகளை வரிசையாக நட்டிருக்கிறார். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது. தொட்டிக்கு அடித்துவாரம் வேண்டும், செடிக்கு வெளிச்சம் வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

சுவரோரம் நடுவது

நர்சரியில் மூன்றடி உயரத்தில், பளபளக்கும் சின்ன இலைகளோடு நிற்கும் பெஞ்சமினா ஃபைகஸ், குரோட்டன்ஸ் மாதிரி ஓர் அழகுச்செடியாகத்தான் தெரியும். ஆனால் அது ஆல், அரசு, அத்தி இனம். விட்டால் 30 மீட்டர் வரை போகும். "வேர் பெரிசா ஓடாது சார்" என்று நர்சரிக்காரர் சொன்னதை நம்பி, சம்ப்புக்கும் சுவருக்கும் நடுவில் நானும் ஒன்று நட்டேன்.

ஆறு வருஷம் நல்ல நிழல். ஏழாவது கோடையில், இரவு நிரப்பிய சம்ப்பு காலையில் முக்கால்தான் இருந்தது. லாரிக்காரர் குறைத்து ஊற்றுகிறார் என்று அவரோடு சண்டைகூடப் போட்டேன். கடைசியில் கொத்தனார் மூடியைத் தூக்கி டார்ச் அடித்தார். "சார், உள்ள தலைமுடி மாதிரி தொங்குது, வந்து பாருங்க." செங்காவி நிறத்தில் கற்றை கற்றையாக வேர்! மயிரிழை விரிசல் போதும். ஈரம் தேடி நுழைந்து, தடித்து, விரிசலைப் பிளந்துவிடும். மரத்தை வெட்டி, சம்ப்பை மறுபடி பூசி, சுவரைப் பிரித்துக் கட்டினேன். அடுத்த மழைக்கு அடிக்கட்டை துளிர்த்தது!

தரையில்தான் வேண்டுமென்றால் சுவர், சம்ப்பு, செப்டிக் டேங்க் எல்லாவற்றுக்கும் இருபது அடியாவது தள்ளி நடுங்கள். இடமில்லையா, தொட்டிதான். அதையும் வெறும் மண்மேல் வைக்காதீர்கள், துவாரம் வழியாக வேர் இறங்கி ஊன்றிக்கொள்ளும். செங்கல் அடுக்கி வையுங்கள். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, சுருண்ட வேரை நறுக்கிப் புதுமண் போடுங்கள்.

புதிதாகக் குடிவந்தவரிடம் இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். "நர்சரியில வேர் ஓடாதுன்னாங்களே சார்" என்கிறார்.

இலை கொட்டினால் தண்ணீர் ஊற்றுவது

பால்கனியிலிருந்து ஹாலுக்கு மாற்றினாலே கோபித்துக்கொண்டு இலையை உதிர்க்கும். அது தாகமில்லை, இடம் மாறிய அதிர்ச்சி. மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். ஈரமிருந்தால் சும்மா விடுங்கள், அப்புறம் தானே துளிர்க்கும்.

வெட்டிய கையோடு கண்ணைத் தேய்ப்பது

வேண்டாம். செடியின் பால் பட்டால் கண் எரியும்.

மடிந்த இலைக்கு மருந்தடிப்பது

பிரித்துப் பாருங்கள், உள்ளே கறுப்பாக இலைப்பேன் என்ற சின்னப் பூச்சி இருக்கும். மருந்து அங்கே போகாது. கொழுந்தோடு கிள்ளி, கவரில் கட்டி எறியுங்கள்.