பழைய டிம்மர்ஸ்டாட் வாங்கினால் டயலில் இருக்கும் பூஜ்யத்தை நம்பாதீர்கள்

காயலான் கடையில் வோல்டேஜைக் குமிழால் கூட்டிக் குறைக்கும் பெட்டியான டிம்மர்ஸ்டாட், 8 ஆம்பியர் ஒன்றை எடைக்குப் போட்டு வாங்கி வந்தேன். ஏதோ பாலிடெக்னிக் லேபில் கிடந்தது போல, பக்கவாட்டில் வெள்ளை பெயின்டில் ஒரு எண் இருந்தது. கருப்புக் குமிழ், 0 முதல் 270 வரை டயல், பின்னால் ஒரு ரெண்டு பின் பிளக். கடைக்காரர் அதை அப்படியே சாக்கெட்டில் சொருகி, பல்பு எரிவதைக் காட்டி, "சூப்பரா வேலை செய்யுது" என்றார். வேலை செய்தது உண்மைதான். ஆனால் அந்த ரெண்டு பின் பிளக்கோடு அதைப் பயன்படுத்துவதுதான் பலரும் செய்கிற முதல் தவறு, பெரிய தவறும் அதுதான்.

வேரியாக், டிம்மர்ஸ்டாட் என்று எந்தப் பெயரில் வந்தாலும் உள்ளே இருப்பது ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர். வளையமான கோர், அதன் மேல் ஒரே ஒரு காயில் (கம்பிச் சுற்று), காயிலின் இனாமலைச் சுரண்டிவிட்ட பகுதியில் ஓடுகிற ஒரு கார்பன் பிரஷ், அவ்வளவுதான். சாதாரண டிரான்ஸ்ஃபார்மரில் உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் தனித்தனி காயில் உண்டு, இதில் கிடையாது. இன்புட்டில் வரும் நியூட்ரல் கம்பி அப்படியே நேராக அவுட்புட்டுக்கும் போகிறது. ரெண்டு பின் பிளக்கைத் திருப்பிச் சொருகினால் அந்த இடத்தில் ஃபேஸ் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்போது டயல் பூஜ்யத்தில் இருக்கும், மல்டிமீட்டரை அவுட்புட்டில் வைத்தால் பூஜ்யம் காட்டும், பல்பும் எரியாது. ஆனால் அவுட்புட்டின் ரெண்டு முனையிலும் பூமியைப் பொறுத்து 230 வோல்ட் இருக்கும். மீட்டர் அந்த ரெண்டு கம்பிக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைத்தான் சொல்கிறது, தரையில் வெறுங்காலோடு நிற்கும் உங்களைப் பற்றி அதற்கு என்ன தெரியும்? டெஸ்டரை வைத்துப் பாருங்கள், ரெண்டு பக்கமும் எரியும்.

அதனால் வாங்கிய உடனே அந்தப் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு மூன்று பின் பிளக் போடுங்கள். பச்சைக் கம்பி கண்டிப்பாக இரும்பு பாடியில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்க வேண்டும், அந்த இடத்தில் பெயின்டைச் சுரண்டிவிட்டு. அப்புறம் சாக்கெட்டையும் நம்பக் கூடாது. முன்னால் நின்று பார்த்தால் வலது ஓட்டையில் ஃபேஸ், இடதில் நியூட்ரல், மேலே பெரிய ஓட்டையில் எர்த் என்பதுதான் முறை, ஆனால் எத்தனை வீடுகளில் எலக்ட்ரீசியன் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் என்பது டெஸ்டரோடு நாலு வீடு ஏறி இறங்கினால் தெரியும்.

சுவிட்ச் போடுவதானால் ஃபேஸ், நியூட்ரல் ரெண்டையும் சேர்த்து வெட்டுகிற டிபி சுவிட்ச் போடுங்கள். நியூட்ரலில் மட்டும் ஃபியூஸ் போட்டிருப்பதைப் பழைய பெட்டிகளில் பார்த்திருக்கிறேன். அந்த ஃபியூஸ் போனால் காயில் முழுக்க ஃபேஸ் வந்து நிற்கும், பார்ப்பதற்கு மட்டும் செத்த பெட்டி போலவே இருக்கும்.

இப்போது ஃபியூஸ். இதைப் பலரும் இன்புட்டில் ஒன்று போட்டதோடு முடித்துக்கொள்கிறார்கள். 8 ஆம்பியர் என்று தகட்டில் எழுதியிருப்பது பிரஷ் தாங்கும் அளவு. டயல் 20-ல் இருந்தாலும் 200-ல் இருந்தாலும் அதே 8 ஆம்பியர்தான். "230 வோல்ட்டில் 8 ஆம்பியர் என்றால் 1840 வாட்ஸ், அப்போ 20 வோல்ட்டிலும் 1840 வாட்ஸ் எடுக்கலாம்" என்று கணக்குப் போட்டவர் பிரஷ்ஷைக் கருக்கிவிடுவார். டயல் 20 வோல்ட்டில் இருக்கும்போது அவுட்புட்டில் 40 ஆம்பியர் இழுத்தாலும் இன்புட்டில் சுமார் மூன்றரை ஆம்பியர்தான் போகும், அங்கே இருக்கும் 8 ஆம்பியர் ஃபியூஸ் நிம்மதியாகத் தூங்கும். ஆகவே பிரஷ்ஷிலிருந்து வெளியே வரும் கம்பியில் தனியாக இன்னொரு ஃபியூஸ் வேண்டும், பிரஷ்ஷின் அளவுக்கு மேல் போகாமல்.

சில சமயம் பிளக் சொருகியதும் வீட்டு மின்பெட்டியில் இருக்கும் எம்சிபி (கரண்ட் அதிகமானால் தானே அணையும் சுவிட்ச்) விழும். டயலைப் பூஜ்யத்தில் வைத்தால் விழாது என்று சொல்வார்கள், அதில் அர்த்தமே இல்லை. டயல் எங்கே இருந்தாலும் காயில் முழுசும் லைனில்தான் இருக்கிறது, கோர் காந்தமாகும் முதல் நொடியில் இழுக்கும் கரண்ட் அது. அந்த முதல் இழுப்பைத் தாங்கும் சி கர்வ் வகை எம்சிபியும், இன்புட்டில் மெதுவாக உருகும் ஸ்லோ புளோ ஃபியூஸும் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்காகத் தடிமனான கம்பியை ஃபியூஸில் சுற்றாதீர்கள்.

எந்த முனை எது என்று தெரியாமல் இணைப்பது அடுத்தது. பழைய பெட்டியில் எழுத்தெல்லாம் அழிந்திருக்கும். பிளக் கழற்றிய நிலையில் மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்துக் குமிழைத் திருப்புங்கள். ஒரு முனையை மற்ற எந்த முனையோடு சேர்த்து அளந்தாலும் ரீடிங் மாறிக்கொண்டே இருந்தால் அதுதான் பிரஷ். டயல் பூஜ்யத்தில் பிரஷ்ஷோடு கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும் முனை பொதுமுனை, நியூட்ரல் அங்கே போக வேண்டும். லைனைத் தவறிப்போய்ப் பிரஷ்ஷில் கொடுத்துவிட்டு டயலைக் குறைத்தால், 230 வோல்ட்டும் நாலைந்து சுற்றின் மேல் விழும், வாசனை வந்துவிடும். மீதி ரெண்டு முனையில், பொதுமுனையிலிருந்து ஓம்ஸ் குறைவாக இருப்பது காயிலின் நடுவில் எடுத்த இணைப்பு (டேப்), அதில் லைன் கொடுத்தால் அவுட்புட் 270 வரை ஏறும். கடைசி முனையில் கொடுத்தால் வீட்டு வோல்டேஜுக்கு மேல் போகாது. என் பெட்டியைக் கடைசி முனையில்தான் இணைத்திருக்கிறேன், 270 எனக்கு எதற்கு?

முதல் தடவை நேராக லைனில் சொருகாமல் சீரிஸ் போர்டில் 60 அல்லது 100 வாட்ஸ் குண்டு பல்பு வழியாகக் கொடுங்கள், அவுட்புட்டில் எதுவும் இல்லாமல். பல்பு பளிச்சென்று மின்னி அணைந்தாலோ மங்கலாக நின்றாலோ காயில் பிழைத்துவிட்டது. முழு வெளிச்சத்தில் எரிந்தால் உள்ளே சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. குமிழை மெதுவாக முழுக்கச் சுற்றுங்கள், ஒரு இடத்தில் மட்டும் பல்பு பிரகாசமானால் கோளாறு அங்கே.

பிரஷ் தேய்ந்திருந்தால் மிக்ஸி கார்பனைத் தேய்த்துப் போட்டுவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். பிரஷ் எப்போதும் பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகளைச் சேர்த்துத் தொட்டுக்கொண்டிருக்கிறது, அந்த இடத்தில் ஓடும் சுழல் கரண்டை அடக்குவது அந்தக் கார்பனின் மின்தடைதான். செம்பு கலந்த மோட்டார் பிரஷ் போட்டால் சும்மா இருக்கும்போதே சூடாகும். ஓடுபாதையை எமரி ஷீட்டால் தேய்ப்பதும் கூடாது, தூள் சுற்றுகளுக்கு இடையில் போய் உட்காரும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் துணியும் போதும்.

ஆர்சிசிபி (கரண்ட் தரைக்குக் கசிந்தால் லைனை வெட்டும் சுவிட்ச்) இருக்கிறதே என்று தைரியமாக இருப்பவர்களுக்கு ஒன்று. ஃபேஸிலிருந்து உங்கள் வழியாகத் தரைக்குப் போகும் கரண்டை அது பிடிக்கும், ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் என்பதால் அவுட்புட் பக்கத்திலும் பிடிக்கும். ரெண்டு கையால் ரெண்டு கம்பியைத் தொட்டால் அதற்கு நீங்களும் ஒரு பல்புதான். பழைய வால்வு ரேடியோ, பாடியில் லைன் வரும் டிவி இவற்றைத் திறந்து நோண்டுவதானால் உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் தனித்தனி காயில் உள்ள ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் தனியாக வேண்டும், வேரியாக் அந்த வேலையைச் செய்யாது. அப்படிப் போட்டபின் அந்தப் பக்கத்தில் ஆர்சிசிபி காப்பாற்றாது என்பதையும் ஞாபகம் வையுங்கள்.

லோ வோல்டேஜ் ஊர்க்காரர்கள் இதை ஸ்டெபிலைசராகப் பயன்படுத்துவதுண்டு. சாயங்காலம் 170-தான் வருகிறது என்று டயலை முழுக்க ஏற்றி வைப்பார்கள், ராத்திரி பதினோரு மணிக்கு லைன் 235-க்குத் திரும்பும், எழுந்து போய் இறக்குவதற்கு யாரும் இருக்க மாட்டார்கள், ஃப்ரிட்ஜுக்கு 260-க்கு மேல் போகும். டயலில் உள்ள எண்ணும் உள்ளே சரியாக 240 வந்தால்தான் உண்மை. என் பெட்டியில் ஒரு சின்ன டிஜிட்டல் வோல்ட் மீட்டரை அவுட்புட்டில் பொருத்திவிட்டு, டயலில் இருந்த எண்கள் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டி மறைத்துவிட்டேன்.