போர்ட்டல்ல மார்க் ஏத்தறது எப்படி: 42 பேரு 4 பேரான கதையோட

போன வருசம் காலாண்டு லீவு விடறதுக்கு மொத நாளு, ஸ்கூல் மார்க்கெல்லாம் பதியற ஆன்லைன் போர்ட்டல்ல எட்டாவது பி செக்சன் 42 பசங்களுக்கு மார்க் ஏத்துனேனுங்க. போர்ட்டல் பச்சைக் கலர்ல ‘33 ரெக்கார்டு சக்சஸ், 9 ஃபெயில்டு’ன்னு காமிச்சுது, சரி மிச்சம் ஒம்பது பேருதானே, பொழுதோட பாத்துக்கலாம்னு டீ குடிக்கப் போயிட்டேன். வந்து பாத்தா நாலே நாலு பேருக்குத்தான் மார்க் ஏறியிருக்கு. அந்த நாலும் தப்பு.

அது ஏன் அப்பிடி ஆச்சுன்னு கண்டுபுடிக்க எனக்கு ஒரு ராத்திரி பூரா ஆச்சு, அதுக்கோசரந்தான் இந்தப் பதிவு. நான் பெருந்துறைப் பக்கம் ஒரு ஸ்கூல்ல கம்ப்யூட்டர் மிஸ்ஸு. லாகின் பண்றது, பாஸ்வேர்டு மாத்தறது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதைய எழுதலை. உங்க போர்ட்டல்ல பட்டன் பேரு வேற மாதிரி இருக்கலாம், ஆனா சிக்கல் எல்லா ஊருலயும் ஒண்ணுதான்.

மொத ஒண்ணு சொல்லிடறேன், ஸ்கிரீன்ல நேரா மார்க் அடிக்காதீங்க. எங்க தமிழய்யா ஒரு நாளு ஸ்டாஃப் ரூம்ல உக்காந்து ஒவ்வொண்ணா அடிச்சுட்டிருந்தாரு, நடுவுல ஒரு பீரியடு போயிட்டு வந்து மறுபடி அடிச்சாரு, கடைசியா சேவ் அமுக்குனா லாகின் பேஜுக்குத் தள்ளிருச்சு. “ஏனம்மிணி, நாம்பாட்டுக்கு அடிச்சுட்டேதான இருந்தேன், கழுத வெளிய தள்ளிருச்சே”ன்னாரு. “நீங்க அடிக்கறது சேவ் அமுக்கற வரைக்கும் சர்வருக்குப் போகாதுங்கய்யா, அதைப் பொறுத்தவரைக்கும் நீங்க எந்திரிச்சுப் போயிட்டீங்க”ன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணுமே வரலைன்னா பாதுகாப்புக்காக அதுவே லாகவுட் பண்ணிடும், அதுல தப்பும் இல்லைங்க, நாமளும் ஸ்டாஃப் ரூம் கம்ப்யூட்டரைத் திறந்து போட்டுட்டுத்தானே போறோம்.

அதனால ஃபைலா ஏத்தறதுதான் வழி. மார்க் என்ட்ரிக்குள்ள ‘பல்க் அப்லோட்’னோ ‘இம்போர்ட்’னோ ஒண்ணு இருக்கும், அங்க டெம்ப்ளேட், அதாவது பசங்க பேரு போட்டு மார்க் அடிக்க எடம் விட்டிருக்கற ஃபைலை, டவுன்லோட் பண்ணுங்க. ஒவ்வொரு பரீட்சைக்கும் புதுசா எடுங்க, பழசுல டிசி வாங்கிட்டுப் போன பசங்க பேரெல்லாம் இருக்கும். மேல இருக்கற தலைப்பு வரியில கை வெக்காதீங்க, ஒரு ஸ்பேஸ் மாறுனாலும் சில போர்ட்டல் ஒத்துக்காது.

இப்ப ஃபைலைத் திறக்கணும். என்னைய கவுத்தது இங்கதான், சித்த நிதானமாப் படிங்க.

டவுன்லோட் ஆனது சிஎஸ்வி ஃபைலு, அதாவது கமா போட்டுப் பிரிச்ச வெறும் எழுத்து ஃபைலு. டபுள் கிளிக் பண்ணா எக்ஸெல்ல திறக்கும், எல்லாரும் அப்பிடித்தான் பண்ணுவோம். எங்க போர்ட்டல்ல ஒவ்வொரு பசங்களுக்கும் 16 இலக்கத்துல ஒரு ஐடி இருக்குது, ஒரே செக்சனுக்குள்ள கடைசி நாலு நம்பர் மட்டும் 0001ல இருந்து 0042 வரைக்கும் மாறும். எக்ஸெல்லு எந்த நம்பரையும் 15 இலக்கம் வரைக்குந்தான் ஞாபகம் வெச்சுக்கும், 16வது இலக்கத்தைத் தூக்கிப் போட்டுட்டு அங்க 0 போட்டுரும். வார்னிங்கும் எதுவும் குடுக்கலைங்க. மொத பாக்கறப்ப ‘3.31 இ பிளஸ் 15’ங்கற மாதிரி காமிக்கும், நான் ரொம்ப விவரமா செல் ஃபார்மேட்டை நம்பர்னு மாத்துனேன், உடனே 16 இலக்கமும் வரிசையா வந்துருச்சு, அப்பாடான்னு மார்க் அடிக்க ஆரம்பிச்சுட்டேன். கடைசி இலக்கம் எல்லாத்துலயும் 0ன்னு கண்ணுல படவே இல்லை.

இப்ப கணக்குப் பாருங்க. 1ல இருந்து 9 வரைக்கும் இருக்கற பசங்களுக்கு ஐடி 0000ன்னு ஆயிருச்சு, அப்பிடி ஒரு பையனே ஸ்கூல்ல இல்லை, அதான் அந்த 9 ஃபெயில்டு. 10ல இருந்து 19 வரைக்கும் பத்துப் பேருக்கும் ஐடி 0010, அதாவது பத்தாம் நம்பர் பையனோடது. பத்துப் பேரு மார்க்கும் ஒண்ணு மேல ஒண்ணா அவன் தலையிலயே ஏறி, கடைசியா ஏறுன 19ஆம் நம்பர் புள்ளையோட மார்க் நின்னுருச்சு. அதே மாதிரி 20க்கு 29ஓடது, 30க்கு 39ஓடது, 40க்கு 42ஓடது. பத்தாம் நம்பர் பையன் கணக்குல வாங்குனது 38, ஏறுனது 91. அவங்கப்பா தறி ஓட்டறவரு, பேரன்ட்ஸ் ஆப்ல பாத்துட்டு உடனே போன் பண்ணி, “மிஸ்ஸு, பையனுக்கு பேக்கரியில தேங்கா பன்னு வாங்கிக் குடுத்துட்டேனுங்க”ன்னாரு. அவருகிட்ட விசயத்தைச் சொன்னதுதான் அந்த வாரத்துலயே கஷ்டமான வேலை.

அதுக்கப்பறம் ஃபார்மேட்டை டெக்ஸ்ட்னு மாத்திப் பாத்தேன், பிரயோசனமில்லை, திறந்த நிமிசமே அந்த இலக்கம் போச்சு, போனது வராது. சேவ் பண்ணாம மூடிட்டு, டெம்ப்ளேட்டை மறுபடி எடுத்து, இந்த மூணுல ஒரு வழியில திறங்க.

எனக்குப் புடிச்சது எக்ஸெல் மாதிரியே இருக்கற லிப்ரே ஆபீஸ் கால்க். காசு இல்லை, நெட்டும் வேண்டாம், எங்க ஊருல நாலு தூத்தல் போட்டாவே நெட்டு போயிரும். பதினொண்ணாவது புத்தகத்துல ஓப்பன் ஆபீஸ் கால்க் நடத்தியிருப்பீங்கல்ல, அதோட பங்காளிதான் இது, 2010ல பாகம் பிரிஞ்சு தனிக்குடித்தனம் போனது. சிஎஸ்வியைத் திறந்தாலே அது ஒரு ஜன்னலைக் காட்டிக் கேள்வி கேக்கும், படிக்காம ஓகே அமுக்கிடாதீங்க. கேரக்டர் செட்டுல யூனிகோட் யூடிஎஃப்-8 (தமிழ் எழுத்து கெடாம வெக்கற முறை) இருக்கணும், பிரிக்கறதுக்கு கமா மட்டும் டிக் இருக்கணும். கீழ தெரியற பட்டியல்ல மொத காலத்தை (காலம்னா மேலிருந்து கீழ வர்ற வரிசை, column) தொட்டு, ஷிஃப்டைப் புடிச்சுட்டு கடைசி காலத்தைத் தொட்டு, காலம் டைப்புல டெக்ஸ்ட்னு குடுங்க. மார்க்கும் டெக்ஸ்டா இருந்தாப் பரவால்லை, போர்ட்டலுக்கு அது ஒண்ணுதான்.

கூகுள் ஷீட்ஸ்தான் பழக்கம்னா, புது ஷீட்டுல ஃபைல், இம்போர்ட், அப்லோட் போய், ‘டெக்ஸ்டை நம்பராவும் தேதியாவும் மாத்து’ங்கற மாதிரி இங்கிலீஷ்ல ஒரு டிக் இருக்கும், அதைய எடுத்துருங்க. எக்ஸெல்தான் வேணும்னா டேட்டா மெனுவுல ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி வழியாக் கொண்டாந்து, டேட்டா டைப்பைக் கண்டுபுடிக்காதேன்னு சொல்லிடணும். எக்ஸெல் நல்ல சாமானுதான், ஆனா கேக்காமயே உதவி பண்ணும், இந்த வேலைக்கு அது ஆகாதுங்க.

மார்க் அடிக்கறப்ப ஒரே ஒரு விசயம், வராத பசங்களுக்கு 0 போட்டுறாதீங்க. 0ன்னா எழுதி ஒண்ணும் வாங்கலைன்னு அர்த்தம், வரலைன்னா எங்க போர்ட்டல்ல ‘ஏபி’ன்னு இங்கிலீஷ்ல போடணும், உங்குளுதுல என்னன்னு டெம்ப்ளேட்லயே இருக்கும். அதுக்குப் பின்னால தெரியாம ஒரு ஸ்பேஸ் விட்டாலும் எரர்தான்.

சேவ் பண்றப்ப சிஎஸ்வியாவே சேவ் பண்ணுங்க, கால்க்கு வேற ஃபார்மேட் வேணுமான்னு கேக்கும், வேண்டாம்னுருங்க. எக்ஸெல்ல சிஎஸ்வின்னே ரெண்டு மூணு இருக்கும், பேருல யூடிஎஃப்-8 போட்டிருக்கறதைத்தான் எடுக்கணும், சாதா சிஎஸ்வி எடுத்தா தமிழ்ப் பேரெல்லாம் ஒட்டுக்கா கேள்விக்குறியா ஆயிரும்.

சரி, எல்லாம் சரியாப் பண்ணியும் நான் ரெண்டாந்தடவை மாட்டுனேன். சேவ் பண்ண ஃபைலு சரியா இருக்கான்னு பாக்க டபுள் கிளிக் பண்ணேன், எக்ஸெல்ல திறந்துச்சு, மூடறப்ப சேவ் பண்ணட்டுமான்னு கேட்டுச்சு, கைப்பழக்கத்துல ஆமான்னுட்டேன். முடிஞ்சுது. அதனால செக் பண்றதுன்னா ரைட் கிளிக் பண்ணி நோட்பேட்ல திறந்து பாருங்க. அசிங்கமாத்தான் இருக்கும், ஆனா உள்ள இருக்கறதை அப்பிடியே காட்டும். ஐடி கடைசி இலக்கம் 1, 2, 3ன்னு மாறிட்டே வருதான்னு மட்டும் பாத்தாப் போதும்.

அப்லோட் பண்றப்ப மொத ரெண்டே ரெண்டு பேரோட வரியை மட்டும் வெச்சு ஒரு குட்டி ஃபைல் ஏத்திப் பாருங்க. சரியா ஏறுச்சுன்னா முழுசும் ஏத்துங்க. ‘சக்சஸ்’ங்கற பச்சை எழுத்தை நம்பாதீங்க, வரி போச்சுன்னுதான் அது சொல்லுது, யாருக்குப் போச்சுன்னு சொல்லாது. நான் இப்ப மொத பையன், நடுவுல ஒருத்தன், கடைசிப் புள்ளை, மூணு பேரைத் திறந்து பேப்பரோட ஒத்துப் பாக்கறேன், கிளாஸ் ஆவரேஜும் என் கணக்கும் ஒண்ணா இருக்கான்னும் பாத்துக்கறேன்.

பின்சேர்க்கை: தாராபுரத்துல இருந்து ஒரு டீச்சர் கமெண்ட்ல கேட்டாங்க, ஸ்கூல் சிஸ்டத்துல வேற எதுவும் இன்ஸ்டால் பண்ண விட மாட்டேங்கறாங்க, எக்ஸெல் மட்டுந்தான்னு. புது மைக்ரோசாஃப்ட் 365ஆ இருந்தா ஆப்சன்ஸ்ல டேட்டாங்கற பகுதியில தானா மாத்தற வேலையை நிறுத்தறதுக்கு டிக் இருக்குது, பெரிய நம்பருக்குன்னு தனியாவே ஒண்ணு. பழைய எக்ஸெல்னா மேல சொன்ன டேட்டா மெனு வழிதான்.

இன்னொரு பின்சேர்க்கை: பொள்ளாச்சி சார் ஒருத்தரு, பொறந்த தேதி ஜூன் 5ன்னு போட்டா மே 6ன்னு ஏறுதுன்னாரு. விண்டோஸ்ல ரீஜன் அமெரிக்கான்னு இருந்தா மாசத்தை முன்னாடி படிக்கும். 12ஆம் தேதிக்கு மேல பொறந்தவங்களுக்கு மாறாது, 13வது மாசம் கிடையாதே, அதனாலதான் கொஞ்சப் பேருக்குத் தப்பா இருக்கறது சீக்கிரம் தெரிய மாட்டேங்குது. எல்லாக் காலத்தையும் டெக்ஸ்டாத் திறந்தீங்கன்னா இந்த வம்பும் வராது.

தமிழய்யா போர்ட்டல்ல பசங்களுக்கு ரிமார்க்ஸ் ஏத்துன கதையையும் கமெண்ட்ல கேக்கறாங்க. அவரு வானவில் ஃபான்ட்ல அடிச்சதை அப்பிடியே ஒட்டிட்டாரு, போர்ட்டல்ல இங்கிலீஷ் எழுத்தும் ஆச்சரியக்குறியுமா வந்துச்சு. அந்த ஃபான்ட்டெல்லாம் இங்கிலீஷ் எழுத்துக்கு மேல தமிழ்ச் சட்டை போட்டதுங்க, ஃபான்ட் இல்லாத இடத்துல சட்டை கழண்டுரும், யூனிகோட்ல அடிச்சாத்தான் நிக்கும். யூனிகோட் கீபோர்டு பழகறதுக்குப் பொறுமையில்லைன்னு போன்ல பேசியே அடிக்கறாரு இப்ப, பிழையே இல்லாம வேகமா வருதுன்னு சந்தோசம். அரையாண்டு ரிமார்க்ஸ்ல ‘நன்று’ன்னு சொன்னதுல பதினோரு பேருக்கு ‘நன்றி’ன்னு போயிருக்குது, இன்னும் ஒரு பேரன்ட்டும் போன் பண்ணலை.