சர்க்கரை நோயாளிக்கான உணவுத் துண்டறிக்கை: முதன்முறையாகத் தயாரிப்பவர்களுக்கு

ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் பணியாற்றுவோருக்கு, நோயாளியின் கையில் கொடுத்துவிட்டு வர ஒரு தாள் தேவைப்படுகிறது. ஓட்ஸும் புரோக்கோலியும் ஆலிவ் எண்ணெயும் பரிந்துரைக்கும் தாளைக் கொடுத்தால், ரேஷன் அரிசிச் சோறும் கேழ்வரகுக் களியும் உண்ணும் வீட்டில் எதுவும் மாறாது. அந்த வீட்டுக்குப் பொருந்தும் தாளை உருவாக்கும் முறையை இங்கே பார்ப்போம்.

படி 1: ஒரே செயலைத் தேர்ந்தெடுங்கள்

உணவு, மாத்திரை, நடைப்பயிற்சி, பாதப் பராமரிப்பு அனைத்தையும் ஒரே தாளில் திணிக்க வேண்டாம். ‘மதியச் சாப்பாட்டில் சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டுவது’ என்ற ஒன்றே ஒரு தாளுக்குப் போதும்.

படி 2: எழுதும் முன் கேளுங்கள்

நேற்றுக் காலை காபியில் தொடங்கி இரவு படுக்கும் வரை என்னென்ன சாப்பிட்டார்கள் என்று சில நோயாளிகளிடம் விசாரியுங்கள். வீட்டில் சமைப்பவரிடமும் தவறாமல் பேசுங்கள்; சோற்றின் அளவை முடிவு செய்வது பெரும்பாலும் அவர்தான்.

இந்த உரையாடலில்தான் தாளுக்கு வேண்டிய உண்மையான செய்திகள் கிடைக்கும். கருப்பட்டியும் வெல்லமும் தேனும் சர்க்கரையில் சேராது என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். இவை மூன்றுமே இரத்தச் சர்க்கரையை உயர்த்துபவை. கேழ்வரகில் நார்ச்சத்து கூடுதல் என்பது சரிதான் என்றாலும், 100 கிராமில் ஏறத்தாழ 70 கிராம் மாவுச்சத்து இருப்பதால், எவ்வளவு களி வேண்டுமானாலும் உண்ணலாம் என்பது பிழையாகிவிடுகிறது. உருளைக்கிழங்குப் பொரியலையும் மரவள்ளிக்கிழங்கையும் காய்கறிக் கணக்கில் சேர்ப்பது மற்றொரு வழக்கம். இவற்றை அறியாமை என்று எள்ளும் தொனி ஒரு வரியில் தென்பட்டாலும் வாசிப்பவர் தாளை மடித்து வைத்துவிடுவார் என்பதால், நம்பிக்கையில் சரியான பகுதியை முதலில் ஒப்புக்கொண்டு, அதன் பிறகே திருத்தத்தைச் சொல்லுங்கள்.

படி 3: வீட்டு அளவில் எழுதுங்கள்

கிராமும் கலோரியும் அடுப்படியில் பயன்படுவதில்லை. அந்த வீட்டில் புழங்கும் கரண்டி, கிண்ணம், டம்ளர் ஆகியவற்றால் அளவைக் கூறுங்கள். தட்டில் பாதி கீரையும் காய்கறியும், கால் பங்கு சோறு அல்லது களி, மீதிக் கால் பங்கில் கெட்டிப் பருப்பு, சுண்டல், முட்டை, மீன் ஆகியவற்றில் ஒன்று என்று எழுதலாம். கிழங்குகள் சோற்றின் பங்கில் அடங்கும் என்பதையும் சேருங்கள். ஒன்றை விலக்கச் சொன்னால் அதே விலையில் கிடைக்கும் மாற்றையும் காட்டுங்கள்.

படி 4: விரத நாட்களை மறக்காதீர்கள்

ஆடி மாதக் கூழ், ஏகாதசி விரதம், ரமலான் நோன்பு ஆகியவை உங்கள் பகுதியில் இருக்குமானால் அவற்றுக்கெனச் சில வரிகள் ஒதுக்குங்கள். இன்சுலினோ சர்க்கரையை வேகமாகக் குறைக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவர், பட்டினி இருப்பதற்கு முன்பே மருத்துவரைக் கலந்து அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். நடுக்கமும் வியர்வையும் வந்து இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால், விரதத்தை விட்டு, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். சர்க்கரையே ஆகாது என்று கேட்டுப் பழகியவர் அந்த நேரத்திலும் தயங்குவார். ஆகவே இந்த வரியைக் கட்டமிட்டுப் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். நோன்பு பற்றிய பகுதியை உள்ளூர் இமாமிடம் காட்டிக் கருத்துக் கேட்பது நல்லது.

படி 5: படங்கள்

எவர்சில்வர் தட்டையும் வாழையிலையையும் அந்த ஊர் உணவோடு படமெடுத்தாலே போதும். அம்புக்குறிகளையும் பெருக்கல் குறிகளையும் எல்லோரும் ஒரே பொருளில் புரிந்துகொள்வதில்லை என்பதால் அவற்றைக் கூடியவரை தவிர்த்துவிடுங்கள்.

படி 6: அச்சுக்கு முன் சோதியுங்கள்

மருத்துவரோ உணவியல் வல்லுநரோ சரிபார்த்த பிறகு, சில நோயாளிகளிடம் தாளைக் கொடுங்கள். ‘புரிந்ததா?’ என்று கேட்டால் மரியாதைக்காகவே ‘புரிந்தது’ என்பார்கள். ‘இதைப் பார்த்து நாளை மதியம் தட்டில் என்ன வைப்பீர்கள், உங்கள் சொல்லில் கூறுங்கள்’ என்று கேளுங்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு நீங்களே படித்துக் காட்டி இதையே வினவலாம். இருவர் ஒரே இடத்தில் தடுமாறினால் அந்த வரியை மாற்றி எழுதி, வேறு சிலரிடம் மறுபடியும் காட்டிய பின்னர் அச்சுக்கு அனுப்புங்கள். தாளின் அடியில் தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கட்டும்.