அம்மாவின் மாத்திரை டப்பாவில் எனக்கும் ஓர் இடம்

பதினோரு நாள் நான் தலை சீவவில்லை. இடுப்புக்குக் கீழே இறங்கும் முடி. சுருட்டிக் கொண்டை போட்டு கிளிப் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவேன். பன்னிரண்டாம் நாள் சீப்பு உள்ளே இறங்கவில்லை. குளியலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். அம்மா தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. நுனியில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கெடுத்தார். முக்கால் மணி நேரம் ஆனது. பின்னலை முடித்துவிட்டு, "நாளைக்கு டாக்டரைப் பாத்துட்டு வருவோம்மா, நானும் வர்றேன்" என்றார்.

மூன்று வருடம் ஆகிறது. சிங்கப்பூரின் அங் மோ கியோவில் அம்மாவும் நானும் ஒரு மூவறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இருக்கிறோம். கணக்கு வேலை பார்க்கிறேன். அன்று எனக்கு வந்திருந்தது மனச்சோர்வு, அதாவது டிப்ரெஷன். இன்று நன்றாக இருக்கிறேன். அன்று அந்தத் தரையில் நான் உட்கார்ந்திருந்த மாதிரி இப்போது யாராவது உட்கார்ந்திருந்தால், அவருக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் பெயர். நம்மவர்கள் பலர் இதை "மன அழுத்தம்" என்கிறார்கள். அந்தச் சொல்லே என்னை ஆறு மாதம் ஏமாற்றியது. அழுத்தம் என்றால் வேலை குறைந்தால் தானாகப் போய்விடும் என்று நினைத்தேன். விடுப்பு எடுத்துக்கொண்டு பினாங்குக்குப் போனேன். அறையைப் பூட்டிக்கொண்டு படுத்திருந்துவிட்டுத் திரும்பினேன். மனச்சோர்வு வேறு. இரண்டு வாரத்துக்கு மேல், நாளின் பெரும்பகுதி மனம் கனத்துக் கிடந்தாலோ, பிடித்தது எதுவுமே பிடிக்காமல் போனாலோ, கூடவே தூக்கமும் பசியும் கெட்டு, எடுத்ததற்கெல்லாம் உங்களையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தாலோ, மருத்துவரிடம் போய்விடுங்கள்.

மனநல மருத்துவமனையான மனநலக் கழகத்துக்கே நேராகப் போக வேண்டும் என்பதில்லை. பலதுறை மருந்தகத்திலும் (பாலிகிளினிக்), சளிக்கும் காய்ச்சலுக்கும் போகிற குடும்ப மருத்துவரிடமும் தொடங்கலாம். நான் முதலில் பார்த்த ஒரு மருத்துவர், "எல்லாருக்கும் இப்படித்தான், ரொம்ப யோசிக்காதீங்க" என்று வைட்டமின் கொடுத்து அனுப்பிவிட்டார். அதன் பிறகு நான்கு மாதம் வாயைத் திறக்கவில்லை. உங்களுக்கும் அப்படி நடந்தால் அடுத்த வாரமே இன்னொருவரிடம் போங்கள், தயவுசெய்து. செலவைப் பற்றி ஒரு வார்த்தை: நாட்பட்ட நோய்களுக்கான திட்டத்தில் நீரிழிவு, இரத்த அழுத்தத்தோடு மனச்சோர்வும் இருக்கிறது. அதற்கு மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கின் பணத்தைப் பயன்படுத்தலாம். முகப்பிலேயே கேளுங்கள்.

சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அறைக்குள் போனதும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். நான் எழுதியது நான்கே வரி: விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, ஐந்து கிலோ இறங்கிவிட்டேன், ஒரே பில்லை மூன்று தடவை பார்த்தும் கூட்டல் வரவில்லை, அம்மாவிடம் எரிந்து விழுகிறேன். அதைக் கையில் கொடுத்துவிட்டேன். குடிக்கும் மருந்துகள், நாட்டு மருந்துகள் எல்லாவற்றையும் சொல்லுங்கள். எப்போதாவது தூக்கமே தேவைப்படாமல், பணத்தை அள்ளி இறைத்துக்கொண்டு, மிதமிஞ்சிய உற்சாகத்தில் நாட்கணக்காக இருந்ததுண்டு என்றால் அதையும் கட்டாயம் சொல்லுங்கள். அது இருந்தால் கொடுக்க வேண்டிய மருந்தே மாறும். எனக்குத் தைராய்டுக்கும் இரும்புச்சத்துக்கும் இரத்தப் பரிசோதனை எடுத்தார்கள், ஏனென்றால் அவை குறைந்தாலும் இதே சோர்வு வரும்.

ஒன்பது கேள்வி உள்ள ஒரு தாளும் தந்தார்கள். சோர்வு எவ்வளவு என்று அளக்கும் தாள் அது, மதிப்பெண் கூடினால் சோர்வும் கடுமை. மொத்தம் 27, எனக்கு 17 வந்தது. ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்றோ, தன்னையே காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்பது. அதற்கு மட்டும் பொய் எழுதலாம் என்று பேனாவைத் தூக்கினேன். அம்மா பக்கத்தில் இருந்தார். உண்மையையே எழுதினேன். மருத்துவர் அதிரவில்லை, நிதானமாக மேலும் கேட்டார். அந்த எண்ணம் இப்போதே உங்களுக்கு இருந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு, தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 1767ஐ அழையுங்கள். தேசிய மனநல உதவி எண் 1771ம் இருக்கிறது. இரண்டும் 24 மணி நேரமும் எடுப்பார்கள். மனநலக் கழகத்தின் நெருக்கடி எண் 6389 2222. உயிருக்கு ஆபத்து என்றால் ஆம்புலன்சுக்கு 995. தற்கொலை முயற்சி இங்கே 2020 ஜனவரி முதல் குற்றமும் அல்ல. போலிஸுக்குப் பயந்து யாரும் உதவி கேட்காமல் இருக்க வேண்டாம்.

இனி மாத்திரை. எனக்குக் கொடுத்தது எஸிட்டலோபிராம். முதல் வாரம் 5 மில்லிகிராம், பிறகு 10. செர்ட்ராலின், ஃபுளுவாக்சிட்டின் எல்லாம் இதே குடும்பம். இது தலைவலி மாத்திரை மாதிரி வேலை செய்யாது. போட்டவுடன் வருவது பக்கவிளைவுதான். குணம் இரண்டு வாரம் கழித்துத்தான் தலைகாட்டும், முழுசாகத் தெரிய ஆறு வாரம், எட்டு வாரம்கூட ஆகும். இதை யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் ஐந்தாம் நாள் நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். குமட்டல், வாய் உலர்தல், ஓயாத கொட்டாவி, படுத்தால் ஒரு படபடப்பு. காலையில் இரண்டு இட்லிக்குப் பிறகு போட ஆரம்பித்ததும் குமட்டல் குறைந்தது. பத்து நாளில் பெரும்பாலும் அடங்கிவிட்டது. தாம்பத்திய ஆசை குறைவதும் உண்டு. வெட்கப்பட்டு மறைக்காமல் மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றிப் பார்ப்பார். முதல் சில வாரம், முக்கியமாக 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு, பதற்றமோ சாகும் எண்ணமோ கூடலாம். வீட்டில் ஒருவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை மாத்திரையை இதோடு சேர்க்கவே கூடாது. வலி மாத்திரை வாங்கும்போதும் மருந்தாளரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அம்மாவுக்கு ஏழு அறை உள்ள மாத்திரை டப்பா இருக்கிறது, பிரஷர் மாத்திரைக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி என் மாத்திரையையும் எடுத்து ஒவ்வோர் அறையிலும் ஒன்றாகப் போட்டார். "உனக்கு வெள்ளை, எனக்கு மஞ்சள்." அதற்கு முன்பு என் அட்டையை அலமாரியில் துணிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன், வாரத்தில் இரண்டு நாளாவது மறந்துவிடும். டப்பா சாப்பாட்டு மேசைக்கு வந்த பிறகு மறந்ததில்லை. உங்கள் மாத்திரையையும் எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைக்க முடியுமானால் வையுங்கள். முடியாவிட்டால் பல் துலக்கும் பிரஷ் பக்கத்திலாவது.

மூன்றாம் மாதம் ஒரு பிழை செய்தேன். நன்றாக இருக்கிறதே என்று நானே நிறுத்தினேன். மூன்றாம் நாள் ரயிலில் நிற்கும்போது தலைக்குள் மின்சாரம் சுரீரென்று ஓடியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு பீஷானில் இறங்கி உட்கார்ந்துவிட்டேன். இது போதைப் பழக்கம் அல்ல, ஆனால் திடீரென்று நிறுத்தினால் உடம்பு இப்படித் தடுமாறும். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும், பிறகு மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். மறுபடி தொடங்கி நான் ஒரு வருடத்துக்கு மேல் சாப்பிட்டேன். குறைத்து முடிக்க மூன்று மாதம் எடுத்துக்கொண்டேன்.

நடை, மாத்திரை வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான் எனக்கு முடிந்தது. அதற்கு முன் "எக்சர்சைஸ் பண்ணு" என்று சொன்னவர்கள் மேல் கோபம்தான் வந்தது. தரையிலிருந்து எழவே முடியாதவளிடம் ஓடச் சொன்னால்? ஆனால் நான்காம் வாரம் கொஞ்சம் தெம்பு வந்ததும் பத்தே நிமிடம் என்று ஆரம்பித்தேன். ஆசை வரட்டும், பிறகு போகலாம் என்று இருந்தால் ஆசை வரவே வராது. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட வேண்டும். அவென்யூ 1ஐக் கடந்தால் பீஷான்-அங் மோ கியோ பூங்கா. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அங்கே காலாங் ஆறு நேர்கோடாக ஒரு சிமெண்டு வாய்க்கால். 2012க்குள் அதை உடைத்து வளைந்து ஓடும் ஆறாக்கினார்கள். காலை ஏழேகாலுக்கு வெளிச்சம் புல்லில் விழும் நேரம் பாலத்திலிருந்து பார்ப்பேன். ஒரு நாள் நீர்நாய்க் குடும்பம் ஒன்று கரையேறி மணலில் புரண்டது. குட்டி ஒன்று மீனை வாயில் வைத்துக்கொண்டு கர்ர்ர் என்று மற்றவற்றை விரட்டியது. நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதைச் சொன்னபோதுதான், பல மாதத்துக்குப் பிறகு நானாக ஒரு கதை சொல்கிறேன் என்று தெரிந்தது.

வாரத்துக்கு 150 நிமிடம் என்பார்கள். அரை மணி வீதம் ஐந்து நாள். அதை எட்ட எனக்கு மூன்று மாதம் ஆனது. பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும், பாட்டுப் பாட மூச்சு போதக் கூடாது. வேகத்துக்கு அதுவே கணக்கு. மழை பெய்தால் கூரை போட்ட நடைபாதையிலும் புளோக்கின் கீழ்த்தளத்திலும் சுற்றினேன். பக்கத்து புளோக் அக்கா ஒருவர் செவ்வாயும் வியாழனும் கீழே வந்து காத்திருப்பார். அவர் நிற்பாரே என்பதற்காகவே பல நாள் இறங்கினேன்.

அன்றாட ஒழுங்கில் எனக்கு உதவியது எழும் நேரம்தான். தூக்கம் எப்படி இருந்தாலும் ஆறரைக்கு எழுந்து திரைச்சீலையை விலக்குவேன். மத்தியானத்துக்கு மேல் கோப்பி இல்லை. ராத்திரி கைப்பேசி கூடத்திலேயே சார்ஜாகும். மூன்று வேளையும் ஏதாவது, கஞ்சியாவது. மது வேண்டாம், அது மனத்தை இன்னும் கீழே இழுக்கும்.

வேலை போய்விடுமோ என்று பயமா? எனக்குக் கிடைத்த மருத்துவச் சான்றிதழில் நோயின் பெயர் இல்லை. மேலாளரிடம் "மருத்துவச் சிகிச்சையில் இருக்கிறேன், இரண்டு மாதம் புதன்கிழமை சற்று முன்னால் கிளம்ப வேண்டும்" என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் சொல்வதா என்பது உங்கள் விருப்பம்.

நாள் கெட்டுப்போகும். இன்றும் எனக்கு மாதத்தில் ஒன்றிரண்டு அப்படி வரும். அதற்கென்று ஒரு சின்னப் பட்டியலைக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறேன், அம்மாவின் கையெழுத்தில்: குளிக்கணும், சாப்பிடணும், கீழே போய் தபால் பெட்டியைப் பார்த்துவிட்டு வரணும், தலை சீவணும். இரண்டு வாரம் தொடர்ந்து அந்தப் பட்டியலே பாரமாக இருந்தால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க மாட்டேன்; மருந்தகத்தை அழைத்துத் தேதியை முன்னால் மாற்றிவிடுவேன்.