ஒப்பித்த வசனம் பேச்சாக மாறியது

ஜெர்மன் மொழியின் தொடக்கநிலையான ஏ1 வகுப்பில் பேக்கரிக் காட்சியை நடிக்கச் சொன்னால், மாணவர்கள் வசனத்தை ஒப்பித்தார்கள். எதிராளி சொன்னது யார் காதிலும் விழவில்லை. இருவர் கையிலும் ஒரே தாள். அடுத்த வரி முன்பே தெரிந்தால் எதற்குக் கேட்க வேண்டும்?

தாளை வாங்கிவிட்டு ஆளுக்கொரு ரகசிய அட்டை கொடுத்தேன். வாங்குபவருக்கு: கையில் 5 யூரோ, 4 ப்ரோட்ஷென் (சிறு ரொட்டி) வேண்டும், ஒரு காப்பியும். விற்பவருக்கு: ப்ரோட்ஷென் 2தான் மிச்சம், ஒன்று 60 சென்ட். 2 நிமிடம் நடித்ததும் வேடத்தையும் விலையையும் மாற்றி மறுபடி.

நடுவில் திருத்தாதீர்கள், பேச்சு அறுந்துவிடும். 'ஐன் காஃபே' என்ற பிழையைக் குறித்துவைத்து, காட்சி முடிந்தபின் 'இஹ் ஹெட்டெ கெர்ன் ஐனென் காஃபே' (எனக்கு ஒரு காப்பி வேண்டும்) என்று அவசரமாக, கோபமாக, கெஞ்சலாகச் சொல்லவைக்கிறேன். 'ஐன்' 'ஐனென்' ஆகும் இரண்டாம் வேற்றுமை அப்போதுதான் நாக்கில் படிகிறது. கூச்சப்படுபவருக்கு முதலில் விற்பவர் வேடம். அவருக்குப் பேச்சு குறைவு.